எழும்பூர் அருங்காட்சியகத்தைப் புதுப்பிக்க யார் பணம் நல்ல பணம்?

சென்னை எழும்பூரில் இருக்கும் அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர்தான் முதல் பொறுப்பாளர். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இடம் போதாமல் 1854-இல் பாந்தியன் சாலைக்கு வந்தது. பால்ஃபர் காலத்தில் உயிருள்ள மிருகங்களும் இதே வளாகத்தில் இருந்தன. அவை பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-இல் வண்டலூருக்குப் போய்விட்டன. அதனால்தான் பழைய சென்னைக்காரர்கள் மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் மியூசியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் சொல்வார்கள்.

இன்று வளாகம் 16 ஏக்கருக்கு மேல். ஆறு கட்டடங்கள், 46 காட்சிக்கூடங்கள். திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் இங்கேதான் இருக்கிறார்கள். அமராவதிச் சிற்பங்கள், நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சேகரித்த கற்கருவிகள், பிள்ளைகள் ஓடிப்போய்ப் பார்க்கும் திமிங்கல எலும்புக்கூடு எல்லாம் உண்டு. ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909-இல் திறந்த சிவப்புக் கட்டடம், பிற்பாடு தேசியக் கலைக்கூடமானது. அது பாதுகாப்பில்லை என்று பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்ததையும் சென்னை பார்த்திருக்கிறது.

இந்த வளாகத்தை முழுமையாகப் புதுப்பித்து, கூடுதலாக ஒரு புதுக் கட்டடமும் கட்டுவது என்று முடிவெடுத்தால் பணத்துக்கு எங்கே போவது? ‘அரசு மியூசியம், அரசுதான் தரணும்’ என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் உலகம் முழுக்கப் பழைய அருங்காட்சியகங்கள் வேறு வேறு வழிகளை முயன்று பார்த்திருக்கின்றன. சில நன்றாகவே வந்தன, சில விபரீதமாக முடிந்தன. அவற்றை வைத்து இங்கே எது பொருந்தும் என்று பார்க்கலாம்.

நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான். திறப்பு விழா முடிந்து பத்து ஆண்டு கழித்து, ஏசி ரிப்பேருக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? கட்டுவதற்கு எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்வி எனக்கு இரண்டாவதுதான். காரணம் இருக்கிறது. சென்னைக் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். செப்புத் திருமேனிகளில் உப்பு ஏறி, கூடவே ஈரப்பதமும் உயர்ந்தால், பச்சைத் தூளாக உதிரும் ஒருவகை அரிப்பு தொடங்கிவிடும். ஏசி போட்டால் மட்டும் போதாது, இரவிலும் ஓட வேண்டும். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த மாலை ஐந்து மணிக்கு அணைத்துவிட்டுக் காலையில் போட்டால், ஈரப்பதம் ஏறி இறங்கிப் பொருளுக்குக் கூடுதல் சேதம். அதாவது, ஏசி வாங்கக் காசு இருந்து, ஓட்டக் காசு இல்லையென்றால், வாங்காமலே இருந்திருக்கலாம்.

இதற்கு இன்னொரு உதாரணம் ரியோ டி ஜனைரோ. பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் 1818-இல் தொடங்கியது. பராமரிப்புப் பணம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. 200-ஆம் ஆண்டையொட்டி, 2018 ஜூனில் அரசு வளர்ச்சி வங்கி 2 கோடியே 17 லட்சம் ரியால் தர ஒப்பந்தம் போட்டது. தீத்தடுப்பு வேலையும் அதில் இருந்தது. பணம் கைக்கு வருவதற்குள் செப்டம்பர் 2-ஆம் தேதி இரவு எல்லாம் எரிந்துபோனது. இரண்டு கோடிப் பொருள்களில் பெரும்பகுதி போயிற்று. தீ கிளம்பிய இடம் ஒரு ஏசி இயந்திரம் என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. பெரிய பணம் வரப்போகிறது என்ற நம்பிக்கையில் சின்னச் செலவைத் தள்ளிப்போட்டால் இப்படியும் ஆகலாம்.

அரசு கஜானா

முதலில் நமக்குப் பழக்கமான வழி. பட்ஜெட்டில் அறிவிப்பு, அரசாணை, பொதுப்பணித் துறை மதிப்பீடு, டெண்டர். பழைய கட்டடங்களுக்கென்று பொதுப்பணித் துறையில் தனிப் பிரிவே இருக்கிறது. இந்தப் பணத்தின் பெரிய நன்மை, யாருக்கும் கடன்படத் தேவையில்லை. எந்த கேலரியில் எதை வைப்பது என்று வெளியாள் யாரும் சொல்ல மாட்டார். மாநில அரசு நினைத்தால் செய்யவும் முடியும். சுமார் 18 கோடி ரூபாயில் கீழடி அருங்காட்சியகத்தைக் கட்டி 2023 மார்ச்சில் திறந்ததே அதற்குச் சாட்சி.

ஆனால் கீழடி புதுக் கட்டடம். அரசுப் பணத்துக்குப் புதுக் கட்டடத்தின் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. கல்வெட்டு பதிக்கலாம், ரிப்பன் வெட்டலாம். 1909-இல் கட்டிய சுவரிலிருந்து சிமென்ட் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசியதை யார் வந்து திறந்துவைப்பார்கள்? சுண்ணாம்புக் கட்டடத்தில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் பொடிந்துவிடும். அதைச் சரிசெய்யப் பொறுமையான கொத்தனார் வேண்டும், மழைக்காலத்தில் நிறுத்திவைக்கவும் வேண்டும். நிதியாண்டோ மார்ச் 31-இல் முடிகிறது. செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும் என்ற பயத்தில் பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும் வேலைகளைப் பற்றி அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

விழாத் தேதியும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகம் 1814-இல் தொடங்கியது, நாட்டிலேயே மூத்தது. 2014 பிப்ரவரி 2-ஆம் தேதி 200-ஆவது ஆண்டு விழா. அதற்குள் புதுப்பித்தாக வேண்டும் என்று 2013 செப்டம்பரில் மூடி, மாதக்கணக்கில் அவசர அவசரமாக வேலை நடந்தது. அந்த அவசரத்தில், இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்த ராம்பூர்வா தூணின் உச்சியில் இருந்த சிங்கத் தலைப்பு, அசோகர் காலத்துக் கல், இடம் மாற்றும்போது உடைந்தது. தணிக்கைத் துறையும் பிறகு இந்தப் பணிகளைக் குறை சொன்னது. பணத்துக்குப் பஞ்சமில்லை. குறைவாக இருந்தது நேரம்தான், அதையும் அவர்களே குறைத்துக்கொண்டார்கள்.

ஆக, அரசுப் பணம் வேண்டும், ஆனால் மூன்று நான்கு ஆண்டுக்குப் பிரித்து, ஆண்டு முடிவில் காலாவதியாகாத ஏற்பாட்டோடு வேண்டும். அத்தோடு, காலியாகக் கிடக்கும் காப்பாட்சியர் பணியிடங்களையும் பாதுகாப்பு வேதியியல் ஆட்களையும் நிரப்புவதும் அரசால் மட்டுமே முடியும். வேறு எந்தக் கொடையாளியும் சம்பளம் கொடுக்க மாட்டார்.

கம்பெனிப் பணம்

2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், 135-ஆவது பிரிவு. 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியலில் பாரம்பரியம், கலை, வரலாற்றுக் கட்டடங்களைப் புதுப்பித்தல் ஆகியவையும் இருக்கின்றன. சென்னையைச் சுற்றியுள்ள கார் கம்பெனிகளையும் வங்கிகளையும் நினைத்தால் இது பெரிய ஊற்று.

நல்ல முன்னுதாரணம் மும்பை பைகுல்லாவில் இருக்கிறது. டாக்டர் பாவு தாஜி லாட் அருங்காட்சியகம், 1872-இல் திறந்தது, மாநகராட்சியின் சொத்து. இது கட்டப்பட்ட கதையே நம் தலைப்புக்குப் பாடம். 1862-இல் ஜகந்நாத் சங்கர்சேட், டேவிட் சசூன் மாதிரிப் பெரும் செல்வர்களின் நன்கொடையை நம்பி அடிக்கல் நாட்டினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, பருத்தி விலை விழுந்து, 1865-இல் பம்பாயின் பங்குச்சந்தை சரிந்தது. நன்கொடை வற்றிப்போய், கடைசியில் அரசுதான் கட்டி முடித்தது. லாபத்திலிருந்து வரும் பணம் லாபம் இருக்கும்வரைதான் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

பிற்பாடு கட்டடம் சீரழிந்தது. 2003-இல் மாநகராட்சி, பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு, ஜம்னாலால் பஜாஜ் அறக்கட்டளை மூன்றும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. சொத்து மாநகராட்சியிடமே இருக்கும், நிர்வாகம் ஓர் அறக்கட்டளையிடம், நிபுணத்துவம் இன்டாக்கிடம், பஜாஜ் பணம் போடும். 2005-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதில் முதலிடம் கிடைத்தது. 2008 ஜனவரியில் மறுபடி திறந்தார்கள். தங்க முலாம் பூசிய வார்ப்பிரும்புத் தூண்களும் மினுக்கும் தரையுமாக இன்றும் அது அழகான கூடம்.

சரி, விரிவாக்கம்? புதிய பகுதி கட்ட சர்வதேசப் போட்டி நடத்தி, 100-க்கு மேற்பட்ட வடிவமைப்புகள் வந்து, 2014-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஸ்டீவன் ஹோல் தேர்வானார். படங்கள் பிரமாதமாக இருந்தன. கட்டடம்தான் எழும்பவில்லை. புதுப்பிக்கிற பணமும் விரிவாக்குகிற பணமும் ஒரே இடத்திலிருந்து வரும் என்று நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

எழும்பூரில் சி.எஸ்.ஆர். பணத்தை எதற்கு வாங்கலாம் என்றால், காட்சிக்கூடங்களுக்கு. விளக்கு, கண்ணாடிப் பெட்டி, தமிழில் ஒழுங்காக எழுதிய விளக்கப் பலகை, சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை. முடிவு தெரிகிற, மூன்று ஆண்டுக்குள் முடிகிற வேலைகள். கம்பெனிக்கும் அறிக்கையில் போட ஒரு படம் கிடைக்கும், அதில் தப்பில்லை. கூரைக்கும் ஒயரிங்குக்கும் பராமரிப்புக்கும் இதை நம்பக் கூடாது. அந்த ஆண்டு அந்த நிறுவனத்துக்கு வேறு ஆர்வம் வந்துவிட்டால் கேட்க நாதியில்லை.

பெயர் விஷயத்திலும் கறாராக இருக்க வேண்டும். அடிமையாக்கும் வலிநிவாரணி மருந்து விவகாரத்தில் சிக்கிய சாக்லர் குடும்பத்தின் பெயரை பாரிஸின் லூவ்ர் 2019-இலும், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் 2021-இலும் சுவரிலிருந்து எடுக்க வேண்டி வந்தது. நிரந்தரப் பெயர் என்று யாருக்கும் தரவேண்டாம், பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு என்று எழுதிவிடலாம்.

நுழைவுச் சீட்டு

இதில் நிறைய யோசிக்க ஒன்றுமில்லை. லூவ்ர் அருங்காட்சியகம் 2024-இல் ஏறத்தாழ 87 லட்சம் பேரைப் பார்த்தது. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 22 யூரோவை 32 யூரோவாக்கிவிட்டார்கள், புதுப்பிக்கும் செலவுக்காக. நம்மூரில் பாதிக்கூட்டம் பள்ளிப் பிள்ளைகள். மாநகராட்சிப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளையிடம் கட்டணத்தை ஏற்றிக் கட்டடம் கட்டவும் முடியாது, கட்டவும் கூடாது. வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் ஏற்கெனவே உண்டு. ஒரு நல்ல காபிக் கடையும் புத்தகக் கடையும் இருந்தால் கொஞ்சம் வரும். துப்புரவுச் செலவுக்கு ஆகும், அவ்வளவுதான்.

இருப்பதை விற்பது

‘கிடங்கில் ஆயிரக்கணக்கில் தூங்குகிறதே, நாலை விற்றால் என்ன?’ என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் நகர மன்றம் அதைச் செய்தே பார்த்தது. அவர்கள் அருங்காட்சியகத்தில் செகெம்கா என்ற எகிப்திய எழுத்தரின் சுண்ணாம்புக் கல் சிலை இருந்தது, சுமார் 4,500 ஆண்டு பழையது. அருங்காட்சியகத்தை விரிவாக்கத்தான் பணம் வேண்டும் என்று சொல்லி 2014 ஜூலையில் லண்டனில் ஏலம் விட்டார்கள். 60 லட்சம் பவுண்டு வரை போகும் என்று மதிப்பிட்டது 1 கோடியே 57 லட்சத்துக்கு மேல் போனது. லாட்டரி அடித்த மாதிரிதான்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். சிலையை முதலில் கொடுத்த பிரபுக் குடும்பத்துக்கும் பங்கு போனது. மன்றத்துக்குக் கிடைத்தது சுமார் 80 லட்சம் பவுண்டு. அடுத்த மாதமே இங்கிலாந்துக் கலை மன்றம் அருங்காட்சியகத்தின் அங்கீகாரத்தைப் பறித்தது, குறைந்தது 2019 வரை. அங்கீகாரம் இல்லையென்றால் பல மானியங்களுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. ஏற்றுமதியைத் தற்காலிகமாகத் தடுத்துப் பார்த்தும் நாட்டுக்குள் வாங்குகிறவர் யாரும் வரவில்லை. சிலை தனியார் கைக்குப் போய்விட்டது. விரிவாக்கிய அருங்காட்சியகம் 67 லட்சம் பவுண்டு செலவில் 2021-இல்தான் திறந்தது. 4,500 ஆண்டுப் பழைய பொருளைக் கொடுத்து, ஏழு ஆண்டு காத்திருந்து, நடுவில் வந்திருக்கக்கூடிய மானியங்களையும் இழந்தார்கள்.

நம் ஊரில் இந்த வழி சட்டப்படியே அடைபட்டிருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி மத்திய அரசோ அது அனுமதித்த நிறுவனமோ தவிர யாரும் பழம்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணிலிருந்து கிடைத்த திருமேனிகள் புதையல் சட்டத்தின் வழியே அருங்காட்சியகத்துக்கு வந்தவை. அவற்றை விற்பது பற்றி யாரும் வாயைத் திறந்தால் ஊரே திரண்டுவிடும்.

ஆனால் வேறு ஒன்றை விற்கலாமே என்ற ஆசை வரும். நிலம். எழும்பூரில் 16 ஏக்கர்! நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2007-இல் பக்கத்து மனையை 12.5 கோடி டாலருக்கு விற்றது. அங்கே ஓர் உயரமான குடியிருப்புக் கோபுரம் எழுந்தது, அதன் கீழ்த்தளங்களில் அருங்காட்சியகத்துக்கும் இடம் கிடைத்தது. மன்ஹாட்டனில் வானம்தான் காலி. இங்கே காலி இடம் என்பது மரங்களும் மழைநீர் இறங்கும் மண்ணும். நீண்டகாலக் குத்தகை என்று இனிப்பாக யாராவது பேசினாலும் நான் வேண்டாம் என்பேன். பொருளை விற்றால் ஒரு பொருள் போகும். நிலத்தைக் கொடுத்தால் அடுத்த நூறு ஆண்டின் விரிவாக்கமே போகும்.

வரி: டெட்ராய்ட்டும் நம் நூலகமும்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. பலருக்குப் பிடிக்காது என்றும் தெரியும்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் கலை நிறுவனம் என்ற அருங்காட்சியகம் அந்த நகரத்துக்கே சொந்தமாக இருந்தது. டியேகோ ரிவேரா தீட்டிய தொழிற்சாலைச் சுவரோவியங்கள் உள்ள இடம். 2007-இல் 15.8 கோடி டாலரில் புதுப்பித்து விரிவாக்கி முடித்தார்கள். கட்டியாயிற்று, நடத்தப் பணம் இல்லை. நகரமே திவாலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 2012 ஆகஸ்டில் சுற்றியிருந்த மூன்று மாவட்ட மக்களிடமும் வாக்கெடுப்பு நடத்திச் சொத்து வரியோடு சிறு கூடுதல் வரி கேட்டார்கள். இரண்டு லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 20 டாலர். பதிலுக்கு மூன்று மாவட்டத்தாருக்கும் இலவச அனுமதி. மக்கள் ஒப்புக்கொண்டார்கள், ஒரு மாவட்டத்தில் மட்டும் மயிரிழையில். ஆண்டுக்குச் சுமார் 2.3 கோடி டாலர் வந்தது.

அடுத்த ஆண்டே நகரம் திவாலானது. கடன்காரர்கள் ஓவியங்களை விற்கச் சொன்னார்கள். நகரம் தன் பணத்தில் வாங்கிய படைப்புகளை மட்டும் மதிப்பிட்டதில் 45 கோடி முதல் 87 கோடி டாலர் வரை வந்தது. கடைசியில் அறக்கட்டளைகள், மாநில அரசு, அருங்காட்சியகம் மூன்றும் சேர்ந்து 80 கோடி டாலருக்கு மேல் திரட்டி, ஓய்வூதியக்காரர்களின் பாரத்தைக் கொஞ்சம் குறைத்து, ஒரு படமும் விற்காமல் காப்பாற்றின. 2014 இறுதியில் உரிமை நகரத்திடமிருந்து தனி அமைப்புக்குப் போயிற்று. என் வாசிப்பில், மூன்று மாவட்ட மக்கள் வரி கட்டிக்கொண்டிருந்ததும் இதற்குப் பெரிய பலம். ‘இது எங்கள் மியூசியம், நாங்கள் காசு கொடுக்கிறோம்’ என்று சொல்ல ஆள் இருந்தது. பத்து ஆண்டுக்கு மட்டும் என்று கேட்ட வரியை 2020-இல் நீட்டித்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தற்காலிக வரி என்று எதுவும் இல்லை.

இதெல்லாம் அமெரிக்காவில் நடக்கும், நம் ஊரில் நடக்குமா? நடந்துகொண்டிருக்கிறது. சென்னையில் சொத்து வரி கட்டுகிறவர்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி இருக்கும். 1948-இல் வந்த சென்னை பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவிலேயே முதல். எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்தது. இப்போது சொத்து வரியில் 10 சதவீதம் நூலகத்துக்கு. வேடிக்கை என்னவென்றால், கன்னிமாரா நூலகமும் மியூசியமும் ஒரே வளாகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நூலகத் துறைக்குச் சட்டப்படி ஒரு வருமானம் உண்டு. அருங்காட்சியகத்துக்கு ஆண்டுதோறும் நிதித்துறையின் மனசுதான்.

அந்த 10 சதவீதத்தோடு இன்னும் ஒரு சதவீதம் அருங்காட்சியகத்துக்கு என்று வைத்தால், ஆண்டுக்கு 5,000 ரூபாய் சொத்து வரி கட்டும் வீட்டுக்கு 50 ரூபாய். நிலம், கட்டடத்தின் மேலான வரி மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது, சட்டமன்றம் நினைத்தால் போதும். எதிர்வாதங்களும் இருக்கின்றன. திருநெல்வேலியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்து பார்க்கிறார்கள், சென்னைக்காரர் மட்டும் ஏன் கட்ட வேண்டும்? நியாயம். மாநிலம் முழுக்க வைத்து, மாவட்ட அருங்காட்சியகங்களுக்கும் பங்கு கொடுக்க வேண்டும். இன்னொன்று இதைவிடக் கனமானது. உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியை நூலகத் துறையிடம் ஒழுங்காக ஒப்படைப்பதில்லை, நிலுவை ஏறிக்கொண்டே போகிறது என்ற செய்தி பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. வரி போடுவது சுலபம், அது போய்ச் சேருவதை உறுதிசெய்வதுதான் கஷ்டம். வசூலான நாளிலேயே தனிக் கணக்குக்குப் போகும்படி சட்டத்திலேயே எழுதாவிட்டால் இந்த யோசனையை நானும் ஆதரிக்க மாட்டேன்.

ஆடு கொடுத்த முறை

கடைசி வழி வைப்பு நிதி. பெரிய தொகையைப் போட்டுவைத்து, முதலைத் தொடாமல் வருமானத்தில் நடத்துவது. மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் முறை என்று நினைக்கிறோம். சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இது பழைய செய்தி. கோயிலில் நந்தா விளக்கு எரிய ஒருவர் நெய்யை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெரும்பாலும் 96 ஆடுகளைக் கொடுத்தார். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் இவ்வளவு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், பிறக்கும், ஆனால் எண்ணிக்கை 96-க்குக் குறையக் கூடாது. முதல் யாரிடம், பொறுப்பு யாருக்கு, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று மூன்றும் கல்லில் இருக்கும். இன்றைய புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் பலவற்றில் அந்த மூன்றும் இருக்காது.

எழும்பூருக்கு ஒரு கணக்குப் போடலாம். 50 கோடி ரூபாயை 7 சதவீத வட்டியில் வைத்தால் ஆண்டுக்கு 3.5 கோடி. விலைவாசிக்கு ஈடுகட்ட ஒன்றரைக் கோடியை முதலோடு சேர்த்துவிட்டால், செலவழிக்க 2 கோடி. சம்பளத்துக்கு அது போதாது. ஆனால் ஏசி, தீயணைப்புக் கருவிச் சோதனை, கூரைக் கசிவு, செப்புத் திருமேனிகளின் ஆண்டுப் பரிசோதனை ஆகியவற்றுக்கு, யாரிடமும் போய் நிற்காமல் கிடைக்கும் 2 கோடி மிகப் பெரிய விஷயம்.

இந்த 50 கோடி எங்கிருந்து வரும்? சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து வராது. 2021 ஜனவரிக்குப் பிறகு எந்த அமைப்பின் மூலதன நிதிக்குக் கொடுத்தாலும் அது சி.எஸ்.ஆர். செலவாகக் கணக்கில் வராது. பலர் கவனிக்காத விதி இது, திட்டம் போடுகிறவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். தனிநபர்கள் கொடுக்கலாம். மத்திய அரசின் தேசியப் பண்பாட்டு நிதி 1996-இலிருந்து இருக்கிறது, அதன் வழியே கொடுத்தால் வரிச் சலுகையும் உண்டு. வெளிநாட்டுத் தமிழர்களும் கொடுப்பார்கள் என்று நம்புகிறேன். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டியது அப்படித்தான், தமிழக அரசும் அதில் 10 கோடி ரூபாய் போட்டது. இருக்கை என்பதே வைப்பு நிதிதான். வெளிநாட்டுக் குடிமக்களிடம் வாங்க, வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதி தனியாகப் பார்க்க வேண்டும்.

அரசு சமபங்கு போடுகிறோம் என்று அறிவித்தால் மக்கள் சீக்கிரம் கொடுப்பார்கள். கிளாஸ்கோவின் பரல் அருங்காட்சியகம் கூரை ஒழுகி மூடப்பட்டு, 6.8 கோடி பவுண்டில் புதுப்பிக்கப்பட்டு 2022-இல் திறந்தது. மொத்தச் செலவில் பாதிவரை தருகிறோம் என்று நகர மன்றம் முதலில் சொன்னது, பிறகு தேசிய லாட்டரிப் பாரம்பரிய நிதியும் மற்றவர்களும் சேர்ந்தார்கள். முதல் பணம் வீட்டிலிருந்து வந்தால்தான் அடுத்தவர் பையைத் திறப்பார்.

என் தேர்வு

முதல் மூன்று நான்கு ஆண்டு, அரசுப் பணம். கூரை, ஒயரிங், தீத்தடுப்பு, கிடங்கு, காலிப் பணியிடங்கள். இவற்றை வேறு யார் தலையிலும் கட்டக் கூடாது. அதே சமயம் வைப்பு நிதிக்கு அரசு 25 கோடி போட்டு, மக்கள் 25 கோடி தந்தால்தான் விடுவிக்கப்படும் என்று நிபந்தனை வைக்கலாம். காட்சிக்கூடங்களை ஒவ்வொன்றாகக் கம்பெனிகளிடம் கொடுக்கலாம். ஆனால் ஏசி, விளக்குப் பராமரிப்புக்கு ஐந்தாண்டு ஒப்பந்தமும் அந்தத் தொகையிலேயே அடங்க வேண்டும். நிர்வாகத்தை மும்பை மாதிரி முழுக்க அறக்கட்டளையிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. பைகுல்லாவில் இருப்பது ஒரு நகரத்தின் கதை, ஒரே கட்டடம். எழும்பூரில் இருப்பது ஒரு மாநிலத்தின் கருவூலம். வைப்பு நிதியை நடத்த மட்டும் ஒரு சிறு குழு, ஆண்டுதோறும் கணக்கை இணையத்தில் போடும் கட்டாயத்தோடு, போதும்.

வரி யோசனைக்கு நேரம் பிடிக்கும், சட்டம் வேண்டும், தேர்தல் நேரத்தில் யாரும் தொடமாட்டார்கள். இருந்தாலும் 1948-இல் நூலகத்துக்குச் செய்தவர்கள் செல்வச் செழிப்பில் உட்கார்ந்துகொண்டு செய்யவில்லை.

விரிவாக்கக் கட்டடம்? அதைக் கடைசியில் வைப்பேன். வைப்பு நிதியின் வருமானத்தில் பழைய கட்டடங்கள் மூன்று ஆண்டு ஒழுங்காக ஓடிய பிறகு. அப்போதும் முதலில் கட்ட வேண்டியது கேலரி கிடையாது, கிடங்கு. ஈரப்பதக் கட்டுப்பாட்டோடு, நிலத்தடியில் இல்லாமல் மேல்தளத்தில். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் கிடங்கைத் தரைக்குக் கீழே கட்டலாம் என்று எந்தக் கட்டடக் கலைஞர் வரைபடம் நீட்டினாலும் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.